டைலின் முதுகு

மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் இன்றைக்கு என் மனசு இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று மதியம் என் லாரி, போன சுமையோடு அப்படியே திரும்பி வந்து குடோன் வாசலில் நின்றது. டிரைவர் இறங்கி வந்து ஒரு சீட்டை நீட்டினார். உங்கள் கையெழுத்து. "பளபளப்பு போதாது. திருப்பி அனுப்பப்படுகிறது." அவ்வளவுதான். முப்பது வருடமாகக் கட்டடச் சாமான் விற்கிறேன். விரிசல் விட்ட கல் திரும்பி வந்திருக்கிறது. அளவு தவறிய கல் திரும்பி வந்திருக்கிறது. முகம் தெரியவில்லை என்று கல் திரும்பி வந்தது இதுதான் முதல் தடவை. அதை அனுப்பியவர் என் தங்கையின் வீட்டுக்காரர் என்பதால் எனக்கு இரண்டு மடங்கு எரிகிறது.

நீங்கள் கட்டுவது நகைக்கடையா? பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர்கள், இடுப்பெலும்பு உடைந்தவர்கள், ஒரு காலைப் பறிகொடுத்தவர்கள் எல்லாம் வந்து தங்கி, மறுபடி நடக்கப் பழகுகிற இல்லம். அந்த வீட்டில் தரைதான் மருந்து. மற்ற கட்டடத்தில் சுவர் அழகாக இருக்கிறதா என்று பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. இங்கே முதலில் தரையைப் பாருங்கள். நான் அனுப்பியது பூனையின் நாக்கு மாதிரி சொரசொரப்பு உள்ள கல். கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். ஈரமானாலும் பிடிக்கும். சாய்தளத்துக்கும் வராண்டாவுக்கும் அதுதான் என்று நீங்களும் நானும் சேர்ந்து முடிவு பண்ணியதுதானே?

டிரைவர் சொன்னார்: "அண்ணே, அங்க வேற டைல் இறங்கியிருக்கு. வெள்ளை. அதப் பாத்தே தலை சீவிக்கலாம்." கூடவே இன்னொன்றும் சொன்னார். எதிர்த்த டீக்கடை பெஞ்சில் ஒருவர் தினமும் வாக்கரை முன்னால் நிறுத்திவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். பஸ் கண்டக்டராக இருந்தவராம். "எப்பய்யா திறப்பாங்க, என் பேருதான் லிஸ்டுல முதல்ல இருக்கு" என்று லாரி டிரைவரைக் கேட்கிறாராம். உங்களையும் கேட்டிருப்பார். என்ன பதில் சொன்னீர்கள்?

மேலே ஃபால்ஸ் சீலிங்குக்குத் தெர்மாகோல் பலகை வந்திருக்கிறதாம். டிரைவர் ஒரு துண்டை உடைத்துக்கொண்டு வந்தார். கடை வாசலில் தீக்குச்சி கிழித்துக் காட்டினேன். உருகி உருகிச் சொட்டியது, ஒவ்வொரு சொட்டும் எரிந்துகொண்டே விழுந்தது. ஓட முடியாதவர்கள் படுத்திருக்கிற அறையின் தலைக்கு மேல் இதையா மாட்டுவீர்கள்?

போனில் கேட்டால் "மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிட்டீர்கள். அப்புறம் எடுக்கவே இல்லை. தங்கச்சியிடம் சொல்லி அனுப்பலாம் என்றால், "நான் ரெண்டு பேருக்கும் தபால் பெட்டி இல்ல" என்கிறாள். நல்லது. இனிமேல் எழுத்துதான். எழுத்தில் இருந்தால் நாளைக்கு யாரும் மாற்றிப் பேச முடியாது. ஜன்னல் கம்பிகளோடு இந்தக் கடிதமும் வருகிறது. அடுத்த நடையில் பதில் வர வேண்டும்.

மச்சான்

மார்ச் 7

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை டிரைவர் எல்லா வேலைக்காரர்கள் முன்னிலையிலும் என் கையில் கொடுத்தார். "அண்ணன் ரொம்பச் சூடா இருக்கார், நிழல்ல நின்னு படிங்க சார்" என்ற ஆலோசனையோடு.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். இந்தக் கட்டடம் என் வீடும் இல்லை, உங்கள் குடோனும் இல்லை. அறக்கட்டளையின் கட்டடம். அதன் காரியதரிசி சொல்வதுதான் கடைசி வார்த்தை. நான் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இன்ஜினியர். உங்கள் கல்லை அவர் பார்த்தார். குச்சியால் தட்டினார். "ஏன் சார், இது முடியாதவங்க தங்குற இடம்தான், அதுக்காக மாடு கட்டுற இடம் மாதிரி இருக்கணுமா? வர்றவங்க மனசு மலரணும் சார்" என்றார். திறப்பு விழா ஏப்ரல் இருபது. அழைப்பிதழில் போட வராண்டாவைப் படம்கூட எடுத்துவிட்டார்கள்.

நான் ஒன்றுமே செய்யவில்லை என்கிற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். கதவு எல்லாம் சக்கர நாற்காலி தாராளமாக நுழையும் அகலம். அதற்காக நான் இரண்டு மாதம் சண்டை போட்டேன். திருகும் குமிழ் வேண்டாம், விரல் மடங்காதவர்கள் முழங்கையால் அழுத்தினாலே திறக்கும் கைப்பிடிதான் வேண்டும் என்று சண்டை போட்டேன். சாய்தளம் ஒரு அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம். "இவ்வளவு நீளமா, தோட்டம் போயிடுமே" என்றார். தோட்டம்தான் போனது, சாய்தளம் நின்றது. எல்லாச் சண்டையையும் ஒரே ஆள் ஜெயிக்க முடியாது, மச்சான். நீங்கள் குடோனில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு எழுதுகிறீர்கள். நான் வெயிலில் நின்று கேட்கிறேன்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். கோபப்படுகிறவர் யார்? கல் விற்கிறவர். திரும்பி வந்தது யாருடைய கல்? விற்கிறவருடையது. காரியதரிசி இதைக் கேட்டார். நீங்களே பதில் சொல்லுங்கள்.

அந்த டைல் நல்ல உறுதியான சரக்கு. அதற்குச் சாட்சி இருக்கிறது. அந்தச் சாட்சியைக் கூப்பிடாமல் இருக்கப் பார்க்கிறேன். என்னைக் கூப்பிட வைக்காதீர்கள்.

சீலிங் விஷயம் காரியதரிசியிடம் பேசிப் பார்க்கிறேன். மேல்தளத்து வெயில் நேராக அறைக்குள் இறங்குகிறது. அதைத் தடுக்க ஏதாவது செய்தே ஆக வேண்டும்.

கண்டக்டர் கேட்டது உண்மைதான். "ஏப்ரலில்" என்று சொன்னேன்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

மார்ச் 10

மாப்பிள்ளைக்கு,

விற்கிறவன் கோபப்படுகிறான் என்று எழுதிவிட்டீர்கள். படித்துவிட்டு, வந்த டீயைக் குடிக்காமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைப் பையன்களுக்கே பயம் வந்துவிட்டது.

சரி. என்னிடம் வாங்காதீர்கள். ஒரு கல்கூட வேண்டாம். பழைய ரயில் பாதைக்குப் பக்கத்தில் மீசைக்காரர் கடை இருக்கிறது, என் ஜென்மப் பகையாளி. அவரிடம் சொரசொரப்புக் கல் இருக்கிறது. பெரிய பாலத்தடியில் இரண்டு சகோதரர்கள் வைத்திருக்கிற கடையில் இருக்கிறது. அவர்கள் யாரும் எனக்கு ஒரு டீ வாங்கித் தந்ததில்லை. போய் அவர்களிடம் வாங்குங்கள். தரை மட்டும் சரியாக இருக்கட்டும். இப்போது சொல்லுங்கள், கோபப்படுகிறவன் விற்கிறவனா?

நான் எப்படி வந்தவன் என்று உங்களுக்குத் தெரியும். பதினாறு வயதில் டைல் பெட்டி சுமக்கப் போனேன். எது நல்ல சரக்கு, எது மட்டம் என்று ஒருத்தரும் சொல்லித்தரவில்லை. நானே கண்டுபிடித்தேன். டைலைத் திருப்பி, பூச்சு இல்லாத முதுகில் நாக்கு நுனியை வைக்க வேண்டும். நாக்கு ஒட்டிக்கொண்டால் அது தண்ணீர் குடிக்கும் டைல், நாளைக்கே உப்புப் பூக்கும், விரியும். நாக்கு வழுக்கிக்கொண்டு வந்தால் கெட்டியான சரக்கு. எத்தனை பேர் சிரித்திருக்கிறார்கள்! "முதலாளி டைலை நக்குறார்" என்று கேலி பேசியவன் எல்லாம் அப்புறம் பெட்டி மேல் என் நீல சாக்பீஸ் வட்டம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினான். நாக்கு வைத்துப் பார்த்தால்தான் அந்த வட்டம். இல்லாவிட்டால் கிடையாது. ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்காமல் நல்லது கெட்டது சொல்கிற ஆள் நான் இல்லை.

உங்கள் காரியதரிசியும் தொட்டுப் பார்க்கட்டும். குச்சியால் தட்டுவது எல்லாம் பார்ப்பதாகுமா? இந்த நடையில் சிமெண்டோடு ஒரு ஜோடி ஊன்றுகோல் வருகிறது. அவர் உயரத்துக்குச் சரிபண்ணி அனுப்பியிருக்கிறேன். சாய்தளத்தில் ஒரு வாளி சோப்புத் தண்ணீரை ஊற்றுங்கள். மழை நாளில் அப்படித்தான் இருக்கும், தரை கழுவும் நேரத்திலும் அப்படித்தான் இருக்கும். அக்குளில் கட்டையைக் கொடுத்து மேலிருந்து கீழே வரச் சொல்லுங்கள். மனசு மலர்கிறதா, மண்டை உடைகிறதா என்று பார்ப்போம்.

சாட்சி சாட்சி என்று பூச்சாண்டி காட்டுகிறீர்கள். எவனாக இருந்தாலும் கூப்பிடுங்கள். அந்த மாதிரி டைலை அந்த மாதிரி இடத்துக்குப் பரிந்துரைக்கிற மடையன் யார் என்று நானும் ஒருதரம் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மச்சான்

மார்ச் 17

மச்சானுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன்.

ஊன்றுகோல் வந்து சேர்ந்தது. காரியதரிசியிடம் கொடுத்தேன். ஒரு அடி பின்னால் போனார். "என்ன சார் இது, நல்லா இருக்கிற ஆள் கையில இதக் குடுக்கறீங்க? எடுங்க சார்!" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. உங்களைப் பொய்யாக்கிக் காட்ட வேண்டும் என்று வந்தது.

மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் நானே வாளியில் சோப்பைக் கரைத்து ஊற்றினேன். நானே கட்டையை அக்குளில் கொடுத்தேன். ஒரு காலை மடக்கிக்கொண்டேன். நான்கு எட்டு வந்துவிட்டேன். பரவாயில்லையே என்றுகூட நினைத்தேன். ஐந்தாவது எட்டில் இரண்டு கட்டையும் இரண்டு பக்கம் போனது. விழும்போது வலது கையை ஊன்றினேன். மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

சொல்ல வந்தது அது இல்லை. எதிரே பெஞ்சில் கண்டக்டர் மட்டும் இருந்தார். நான் விழுந்ததைப் பார்த்துச் சத்தம் போட்டார். டீக்கடைக்காரர் உள்ளே இருந்தார், காதில் விழவில்லை. கண்டக்டர் எழுந்து, வாக்கரைப் பிடித்து, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துத் தெருவைக் கடந்தார். அவர் வந்து சேரும்வரை நான் ஈரத்தில் கிடந்தேன். எழுந்திருக்கப் பார்த்தேன், கால் ஊன்ற இடமில்லை, மறுபடி வழுக்கியது. அவர் சாய்தளத்தின் அடியில் வந்து நின்றார். மேலே ஏறவில்லை. என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "சார், இத யாருக்குக் கட்டுறீங்க?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். விவரம் கேட்பது மாதிரி கேட்டார்.

நீங்கள் சொன்னது சரி, மச்சான். இந்த வரியை எழுதுவதற்குள் பேனாவை மூன்று முறை கீழே வைத்தேன். கை வலியால் மட்டும் இல்லை.

ஆனால் என் கோபம் தீரவில்லை. இப்போது சாட்சியைக் கூப்பிடுகிறேன்.

இதோடு ஒரு நகல் வைத்திருக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் எங்கள் வீடு கட்டும்போது, டைல் லோடோடு வந்த கடிதம். "இது நான் நாக்கு வைத்துப் பார்த்த சரக்கு. எழுபது வருடம் அசையாது. வாசற்படி முதல் குளியலறை வரை எங்கே வேண்டுமானாலும் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள்." கீழே கையெழுத்து, கடை முத்திரை. யாருடையது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

காரியதரிசி என்னை வேலைக்கு எடுக்கும் முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். தரை அவருக்குப் பிடித்துவிட்டது. எந்த டைல் என்று கேட்டார். மச்சான் எழுதிய கடிதம் என்று பெருமையாக எடுத்துக் காட்டினேன். அவர் அதை நகல் எடுத்துக் கட்டடக் கோப்பில் வைத்துக்கொண்டார். அதைக் காட்டித்தான் அந்த டைலை வரவழைத்தார். இறக்கியவர் வேறு கடைக்காரர். ஆனால் உங்கள் குடோனிலிருந்து மொத்தமாக வாங்கிப் போன பெட்டிகள். ஒவ்வொரு பெட்டி மேலும் நீல வட்டம் இருக்கிறது. உங்களுடையதுதான்.

கல்லுக்காக நான் வாதாடும்போதெல்லாம் அவர் கோப்பைத் திறந்து இந்தக் காகிதத்தைத்தான் காட்டுகிறார். "உங்க மச்சானே எழுதிக் குடுத்திருக்கார். இப்ப கல்லு விக்கணும்னதும் மாத்திப் பேசுறாரா?" எழுத்தில் இருந்தால் மாற்றிப் பேச முடியாது என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?

நீங்கள் முகத்தைப் பார்க்க விரும்பிய மடையன் யார் என்று நான் சொல்லவில்லை.

வராண்டாவில் பாதிக்கு மேல் ஒட்டியாகிவிட்டது. சாய்தளம் முழுக்க ஒட்டியாகிவிட்டது. திறப்பு விழாவுக்கு ஐந்து வாரம்கூட இல்லை.

மாப்பிள்ளை

மார்ச் 20

மாப்பிள்ளைக்கு,

கை எப்படி இருக்கிறது? விரல் வீங்கியிருந்தால் கட்டைத் தளர்த்தச் சொல்லுங்கள். நான் லாரியில் அனுப்பிய ஆயுதத்தால் உங்களுக்குக் காயம். நியாயமாகப் பார்த்தால் அந்தக் கட்டையால் யாராவது என்னை நாலு சாத்து சாத்த வேண்டும்.

நகலைப் பார்த்ததும் பொய் என்றேன். அடுத்த நிமிடம் என் கையெழுத்தைப் பார்த்தேன். அப்புறமும் மனசு கேட்கவில்லை. குடோன் மூலையில் அந்த டைல் ஒரு பெட்டி மிச்சம் இருந்தது. நீல வட்டம் போட்டது. பிரித்து, முற்றத்தில் ஆறு டைலை வரிசையாக வைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். மூன்றாவது டைலில் கால் எனக்குச் சொந்தமில்லாமல் போனது. லாரியின் பின்பலகையைப் பிடித்துத் தொங்கினேன். டிரைவர் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நாக்க வெச்சுப் பாத்திருக்கலாம்" என்றார். அவரை வேலையை விட்டு நிறுத்தியிருப்பேன். ஆனால் அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது.

முப்பது வருடமாக நான் டைலின் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் குடிக்குமா, விரியுமா, எத்தனை வருடம் வரும், எல்லாம் முதுகு சொல்லும். ஆனால் மனிதன் நடப்பது முகத்தின் மேல். அதில் ஒரு நாளும் ஈரக்காலை வைத்துப் பார்த்தது இல்லை. டைல் எழுபது வருடம் நிற்கும் என்று எழுதிக் கொடுத்தேன். அதன் மேல் நிற்கப்போகிறவன் எத்தனை நாள் நிற்பான் என்று யோசிக்கவே இல்லை. தொட்டுப் பார்க்காமல் சொல்கிற ஆள் நான் இல்லை என்று பத்து நாள் முன்னால்தான் உங்களுக்கு மார்தட்டி எழுதினேன். எனக்கு என் மேல் வருகிற கோபத்தை எந்தக் காகிதத்தில் எழுதுவது?

அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். இப்போது வேலை.

ஒன்று. இதோடு தனியாக ஒரு கடிதம் இருக்கிறது. காரியதரிசியிடம் கொடுத்து, அந்தப் பழைய காகிதத்துக்கு மேலேயே கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். அதில் எழுதியிருப்பது இதுதான்: "ஆறு வருடத்துக்கு முன் இந்த டைலை எங்கும் போடலாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான். அது தவறு. ஈரமானால் இது வழுக்கும். நானே நடந்து பார்த்து வழுக்கினேன். சுவருக்கு நல்லது. தரைக்கு, அதிலும் நடக்கப் பழகுகிறவர்களின் தரைக்கு, ஆகாது. நான் எழுதியதை நானே திரும்பப் பெறுகிறேன்." கையெழுத்தும் முத்திரையும் போட்டிருக்கிறேன்.

இரண்டு. அவர் அப்போதும் முரண்டு பிடிப்பார். அந்த மாதிரி ஆட்களை எனக்குத் தெரியும். அவரிடம் வாதாடாதீர்கள். ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். வெள்ளைத் தாளையும் பேனாவையும் முன்னால் வைத்து, "இந்த டைல் ஈரக்காலுக்குப் பாதுகாப்பானது என்று நான் சொல்கிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். போட்டால் நானும் வாயை மூடிக்கொள்கிறேன், நீங்களும் மூடிக்கொள்ளுங்கள். வாயால் ஆயிரம் பேசுகிறவன் எல்லாம் பேனாவைக் கண்டால் யோசிப்பான். நான் யோசிக்காமல் போட்டவன். அதனால்தான் எனக்குத் தெரியும்.

மூன்று. ஒட்டாத டைலைத் தூக்கி எறியாதீர்கள். கழிவறை, சமையலறைச் சுவருக்குப் போகட்டும். துடைக்கச் சுலபம், அங்கே பளபளப்பு நல்லது. ஒட்டியதைப் பெயர்த்தால் உடையத்தான் செய்யும். உடைந்த சில்லை எல்லாம் மொட்டை மாடியில் பதியுங்கள். வெள்ளைச் சில்லு வெயிலைத் திருப்பி அடிக்கும், கீழே அறை குளிரும். அப்புறம் அந்தத் தெர்மாகோல் எதற்கு? மண்ணிலிருந்து வந்த சரக்கைக் குப்பைமேட்டில் கொட்டுவதற்கு எனக்கு மனசு வராது, அது என்னைக் கவிழ்த்த சரக்காக இருந்தாலும்.

கல் லாரியில் ஏற்றித் தயாராக இருக்கிறது. ஒரு சொல் வந்தால் புறப்படும். இது விற்பனை இல்லை. பில் கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

மச்சான்

ஏப்ரல் 4

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைக் காரியதரிசி இரண்டு முறை படித்தார். "முப்பது வருஷம் கடை வெச்சிருக்கிறவர் தன் சரக்க இப்படி எழுதுவாரா? நீங்க எழுத வெச்சீங்களா?" என்றார். நான் மாவுக்கட்டைக் காட்டினேன். "அது நீங்க கவனமில்லாம விழுந்தது" என்றார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கவனமாக நடக்க முடிந்தவனுக்கு எதற்கு சார் இந்த இல்லம் என்று கத்திவிட்டேன். இருபது வருட வேலையில் நான் கத்தியது அன்றைக்குத்தான்.

அப்புறம் நீங்கள் சொன்னதைச் செய்தேன். தாளையும் பேனாவையும் வைத்தேன். அந்த ஒரு வரியைச் சொன்னேன். "இதென்ன பெரிய விஷயம்" என்று பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். எழுதவில்லை. நாளைக்குத் தருகிறேன் என்றார். மறுநாள் வக்கீலைக் கேட்க வேண்டும் என்றார். மூன்றாம் நாள் கோப்பைத் திறந்து உங்கள் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "உங்க கல்லையே போட்டுத் தொலைங்க" என்றார். பேனா மூடி கடைசிவரை மேஜை மேல்தான் கிடந்தது.

திறப்பு விழா மே பத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. அழைப்பிதழைத் திரும்ப அச்சடிக்க வேண்டும் என்று இன்னமும் முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும்.

சாய்தளம் நேற்று முடிந்தது. நான் சொல்லவே இல்லை, கண்டக்டர் தானாகவே தெருவைக் கடந்து வந்தார். "தண்ணி ஊத்துங்க சார்" என்றார். வேண்டாம், இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்றேன். "நீங்க விழுந்தப்ப நான் பாத்தேன்ல? இப்ப நீங்க பாருங்க." ஊற்றினேன். இரண்டு பக்கமும் ஆட்களை நிறுத்தினேன். அவர் யார் கையையும் பிடிக்கவில்லை. வாக்கரை வைத்தார், காலை வைத்தார். மேலே போய்ச் சேர்ந்து திரும்பி நின்று, கூடியிருந்த எல்லோரையும் பார்த்து "போலாம் ரைட்!" என்று குரல் கொடுத்தார். மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிமெண்ட் தூசி என்றார்.

மாடியில் சில்லு பதிக்கும் வேலை நடக்கிறது. தெர்மாகோல் திரும்பிப் போய்விட்டது.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லலாமா என்று மூன்று வாரமாக யோசித்தேன். நான் கையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று உங்கள் தங்கை என்னைப் பார்த்து, "அந்த டைலா?" என்று மட்டும் கேட்டாள். எப்படித் தெரியும் என்றேன். எங்கள் குளியலறையிலும் அதே டைல்தானே. ஆறு வருடமாக அவள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகிறாளாம். இரண்டு தடவை விழுந்திருக்கிறாள். எனக்கே தெரியாது. வேலை பார்க்கிற பள்ளிக்கூடப் படியில் விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அண்ணன் பாத்துப் பாத்து அனுப்பினது. அத எப்படிக் குறை சொல்றது?" என்றாள்.

உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். வாயால் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். இது எழுத்து.

அன்புடன்,
மாப்பிள்ளை

ஏப்ரல் 7

மாப்பிள்ளைக்கு,

கண்டக்டர் நடந்த இடத்தை நாலு தடவை படித்தேன். டிரைவருக்கும் படித்துக் காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசிப் பக்கம்வரை சத்தமாகப் படித்துத் தொலைத்துவிட்டேன். அவர் எழுந்து போய் லாரியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த லாரியையே மறுபடி துடைத்தார்.

உங்கள் வீட்டுக்காரிக்கு என்ன தைரியம்! இரண்டு தடவை விழுந்துவிட்டுப் பள்ளிக்கூடப் படி மேல் பழி போடுகிறாளாம். சின்ன வயதில் நான் வாங்கிக் கொடுத்த பென்சில் சரியாகச் சீவ வரவில்லை என்று தெருவே கேட்கிற மாதிரி அழுதவள், எலும்பு உடைகிற விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறாள். அண்ணன் கொடுத்தால் குறை சொல்லக் கூடாது என்று யார் இவளுக்குச் சொன்னது? நான் சொல்லவில்லை. சொல்லாமலே அப்படி ஆக்கி வைத்திருக்கிறேனோ என்னவோ. நீல வட்டம் போட்டுவிட்டால் ஊரே வாயைத் திறக்கக் கூடாது என்று இத்தனை வருடம் நானும்தான் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் உங்கள் கை முழுசாக இருந்திருக்கும். எனக்கு அவள் மேல் கோபம், என் மேல் கோபம், ஆறு வருடம் ஒரே குளியலறையைப் பயன்படுத்தியும் கண்டுபிடிக்காத இன்ஜினியர் மேலும் கோபம். நீங்கள் எப்படி விழாமல் இருந்தீர்கள்? செருப்புப் போட்டுக்கொண்டே குளிக்கிற ஆளா?

இந்த டைல் எந்தெந்த வீட்டுக் குளியலறைக்குப் போனது என்று பழைய முகவரிகளைத் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் எழுத வேண்டும். அச்சடித்து அனுப்பினால் படிக்க மாட்டார்கள், கையால்தான் எழுத வேண்டும். இதுவரை பதினொரு கடிதம் முடிந்திருக்கிறது. மீசைக்காரர் கேள்விப்பட்டு, "உனக்குப் பைத்தியமாய்யா? சொந்தக் கடைக்கு நீயே கடப்பாரை போடுற" என்று ஆள் அனுப்பிக் கேட்டார். ஆமாம் என்று சொல்லி அனுப்பினேன். இப்போது புதுச் சரக்கு வந்தால் நாக்கு வைத்த பிறகு, பின்கட்டில் ஈரமாக்கி, வெறுங்காலோடு ஏறி நடக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். நக்குவதைவிட இதற்குக் கூட்டம் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். உளி, சுத்தியல், சிமெண்ட், அந்தப் பூனை நாக்குக் கல், எல்லாம் லாரியில் இருக்கும். கொத்தனார் வேண்டாம், எனக்கே பெயர்க்கத் தெரியும். நான் போடச் சொன்னது, நான்தான் பெயர்ப்பேன். உங்கள் ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு குறுக்கே வராதீர்கள். சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும்.

தங்கச்சியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். சத்தியத்தை மீறியதற்கு உங்களை என்ன செய்தாலும் நான் கேட்க மாட்டேன். ஆனால் ஒன்று சொல்லுங்கள். நான் வரும்போது ஒரு வாளி சோப்புத் தண்ணீர் கலக்கித் தயாராக இருக்கட்டும். பெயர்ப்பதற்கு முன்னால் அந்தக் குளியலறையில், அவள் பார்த்துக்கொண்டிருக்க, சுவரைப் பிடிக்காமல் ஒருதரம் நான் நடந்தாக வேண்டும்.

மச்சான்